இங்கேயே பிறந்தவள் எங்கிருந்து குடியேறினேன்?

தில்லியில் குடியுரிமைக் கோப்புகளைப் பார்க்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இலங்கைத் தமிழ் அகதிக் குடும்பங்களான எங்கள் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து யார், ஏன் படகேறி வந்தார்கள் என்பது உங்கள் கோப்புகளில் நிறையவே எழுதியிருக்கும். போன வாரம் குடியுரிமைக்கு மனு கொடுக்கப் போன இடத்தில் ஒருவர் கேட்டதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. "இந்தியாவும் இலங்கையும் கிரிக்கெட் ஆடினா நீங்க யார் பக்கம்மா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். மனுவை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஐயா, நான் இலங்கையைப் பார்த்ததே இல்லை. 1987 செப்டம்பரில் தமிழ்நாட்டு முகாம் ஒன்றில், சேலை கட்டிய மறைப்புக்குள் பிறந்தேன். அதே முகாமில், அதே மறைப்புக்குள், 1986 மே மாதம் என் அண்ணன் பிறந்தார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்கிறது சட்டம். அதன் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அண்ணன் நீதிமன்றம் வரை போய்ப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டார். 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, மை வைத்த விரலை அம்மாவிடம் காட்டினார். நான் இரண்டரை மாதம் பிந்திவிட்டேன். அதற்கு அம்மா இன்றும் தன்னைத்தான் நொந்துகொள்கிறார், பஸ்ஸைக் கோட்டை விட்டவர் மாதிரி.

கோப்பில் எனக்குப் பெயர் சட்டவிரோதக் குடியேறி. எங்கிருந்து குடியேறினேன் என்று யாராவது சொன்னால் தேவலை. அந்தப் பெயர் இருக்கும்வரை விண்ணப்பிக்கவே வழியில்லை என்கிறார்கள். அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: இங்கே பிறந்த எங்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுங்கள், எங்கள் மனுக்களை வாங்குங்கள்.

என் மகள் ஏழாம் வகுப்பு. என் கணவரும் அந்த ஜூலைக்குப் பிறகு முகாமில் பிறந்தவர்தான், ஆகவே அவளுக்கும் இதே கதி. போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை வழிபாட்டில் அவளைத்தான் உறுதிமொழி சொல்ல விட்டார்கள். பாடநூலின் முதல் பக்கங்களில் அச்சடித்திருக்குமே, "இந்தியா எனது நாடு, இந்தியர் அனைவரும் என் உடன் பிறந்தவர்கள்", அதுதான். இரண்டு நாளாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். 'பெரிதும் நேசிக்கிறேன்' என்ற இடத்தில் மட்டும் குரலை உயர்த்த வேண்டும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். அன்று மாலை முகாமில் தணிக்கை, அதாவது எல்லோரும் இருக்கிறோமா என்று பெயர் கூப்பிட்டுச் சரிபார்ப்பது. சீருடையைக்கூட மாற்றாமல் வரிசையில் என் பக்கத்தில் நின்றாள். பெயர் கூப்பிட, "இருக்கேன் சார்" என்றாள். காலையில் கேட்ட அதே குரல்தான். திரும்பி வரும்போது, "ஃபாரத்துல நேஷனாலிட்டின்னு இருந்தா என்னம்மா எழுதணும்?" என்றாள். உங்களிடம் பதில் இருந்தால் சொல்லி அனுப்புங்கள், அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இந்த மண்ணோடு கலக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 'ஆமா' என்பதற்கு அம்மா இன்னும் இலங்கை வழக்கில் 'ஓம்' என்கிறார், நான் ஆளைப் பார்த்து 'ஓம்' அல்லது 'ஆமா' என்கிறேன், மகளுக்கு 'ஆமா' மட்டும்தான் தெரியும். இதற்கு மேல் எப்படிக் கலப்பது?

2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினீர்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். வரைபடத்தில் கொஞ்சம் கீழே பார்த்திருக்கலாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், இந்தியா ஒன்றும் சத்திரம் அல்ல என்ற பேச்சு வந்தது. சரிதான். சத்திரத்தில் யாரும் பிறந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணம் கட்டி, பிள்ளை பெறுவதில்லை. 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாநில அரசு மாற்றியது. நல்ல பெயர், நன்றி. தணிக்கை அப்படியேதான் இருக்கிறது.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: இங்கே பிறந்தவர்களைக் குடியேறிகள் என்று எழுதுவதை நிறுத்துங்கள். மனுவை வாங்குங்கள். முடியாது என்றாலும் அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

பதிலை முகாம் முகவரிக்கே அனுப்பலாம். தணிக்கை நாளில் வந்தால் நான் கட்டாயம் இருப்பேன்.

இப்படிக்கு,
1987 செப்டம்பரில் பிறந்தவள்