எழுதி முடித்த ராமஜெய நோட்டு எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி மூல நட்சத்திரத்தில் அனுமன் ஜெயந்தி வருகிறது. அதை ஒட்டி ஆஞ்சநேயர் சந்நிதிகளில் ‘ஸ்ரீராமஜெயம்’ எழுதிய நோட்டுகள் வந்து குவியும். தூணடியில் அடுக்கி வைத்தவற்றில் அடி நோட்டுகள் எண்ணெயும் ஈரமும் ஏறி ஒட்டிப்போயிருக்கும். சில நாளில் மூட்டையாகக் கட்டி ஆற்றில் விடுவார்கள், அல்லது குப்பை வண்டியில் ஏற்றுவார்கள். ஒருவர் மாதக்கணக்கில் கைவலிக்க எழுதியது அது. அந்த முடிவு அதற்கு வரக் கூடாது என்பதற்காகவே இக்கடிதம்.

ஏன் எழுதுகிறார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும், மகளுக்கு வரன் தகையாமல் இருக்கும், துணையை இழந்த வீட்டில் பிற்பகல் நகராது. வாயால் சொல்லும் ஜபத்தில் மனம் எங்கோ போய்விட்டாலும் வாய் தானாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். எழுதும்போது மனம் விலகினால் எழுத்து உடனே காட்டிக்கொடுக்கும்: ‘ஜெ’யின் கொம்பு விடுபடும், வரி கோணும். கையும் கண்ணும் நாவும் ஒன்றாய்ச் சேர்வதால்தான் பெரியோர் இதை லிகித ஜபம், அதாவது எழுதும் ஜபம் என்று தனியாகச் சொன்னார்கள். ‘யஜ்ஞங்களில் நான் ஜப யஜ்ஞம்’ என்பது கீதையின் பத்தாம் அத்தியாயத்து வாக்கு. ஜபம் என்று எண்ணி எழுதினால்தான் இது ஜபம்.

அதனால்தான் ஒரு பழக்கத்தை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. பக்கம் முழுக்க மேலிருந்து கீழாக ‘ஸ்ரீ’ ‘ஸ்ரீ’ என்று நிரப்புவது, பிறகு அதன் பக்கத்தில் ‘ராம’ ‘ராம’, கடைசியில் ‘ஜெயம்’ ‘ஜெயம்’. குழந்தைகள் நோட்டில் இதை நிறையப் பார்க்கலாம், பெரியவர்களும் செய்கிறார்கள். ‘ஸ்ரீ’க்கள் எல்லாம் ஒரே சாய்வில் கயிறு பிடித்ததுபோல் நிற்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பக்கம் சீக்கிரம் நிறைகிறது, ஆனால் முழு நாமம் ஒரு தடவைகூடச் சொல்லப்படவில்லை. நாமத்தைச் சொல்லிக்கொண்டே இடமிருந்து வலமாக முழுதாக எழுதி, பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். பிழை வந்தால் கிறுக்கி அடிக்க வேண்டாம். அதைக் கணக்கில் சேர்க்காமல் பக்கத்தில் சரியாக எழுதினால் போதும்.

அடுத்தது எண்ணிக்கை. 27 வரி உள்ள நோட்டில் வரிக்கு 4 எழுதினால் பக்கத்துக்கு 108. ஒரு நாமத்துக்கு 5 நொடி என்றால் ஒரு பக்கத்துக்கு 9 நிமிடம். 192 பக்க நோட்டில் 20,736 நாமம் அடங்கும். லட்சத்து எட்டுக்கு 5 நோட்டு வேண்டும். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் இரண்டரை ஆண்டு ஆகும். இதை ஒரு மண்டலத்தில் முடிப்பதாக நேர்ந்துகொள்பவர்கள் 48 நாளும் தினம் 19, 20 பக்கம், அதாவது ஏறக்குறைய மூன்று மணி நேரம் எழுத வேண்டும். இரண்டாவது வாரத்தில் கட்டைவிரல் அடியில் வலி பிடிக்கும், அதன் பிறகு வேகம்தான் மிஞ்சும். நேர்த்தி தவறிவிட்டதே என்ற பயம் வேறு. மண்டலத்துக்கு நாளொரு பக்கம், ஆக 5,184 என்று நேர்ந்துகொள்வதே நல்லது. கோடி எழுத நினைப்பவர் தினம் ஆயிரம் எழுதினாலும் 27 ஆண்டுக்கு மேலாகும். அது ஒரு குடும்பமோ தெருவோ சேர்ந்து எழுத வேண்டிய கணக்கு.

எழுதுகருவியைப் பற்றிச் சுருக்கமாக. சாதாரண நீலப் பால்பாயின்ட் பேனா போதும். ஜெல் பேனா வியர்வைக் கையில் இழுபடும். மைப்பேனா மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறும். ஒல்லிப் பேனாவை இறுக்கிப் பிடிப்பதால்தான் வலி வருகிறது. பருத்த பேனாவாக எடுத்து, 27 நாமத்துக்கு ஒருமுறை விரலை நீட்டி மடக்க வேண்டும். முதல் பக்கத்தில் இடும் மஞ்சள் நன்றாகக் காய்ந்த பிறகே நோட்டை மூட வேண்டும். ஈரத்தோடு மூடினால் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். நாமம் எழுதிய சீட்டுகளைக் கோத்துக் காகித மாலை கட்டுவோர் சீட்டின் ஓரத்தில் ஒரு விரற்கடை வெற்றிடம் விட்டு எழுதினால் ஊசி நாமத்தைத் துளைக்காது. ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம், அது விக்கிரகத்தையும் அர்ச்சகர் கையையும் கீறும். அபிஷேகம் முடிந்து துடைத்த பிறகே மாலை சாத்தக் கொடுக்க வேண்டும். ஈரம் பட்டால் தாள் நைந்து திருமேனியில் ஒட்டிக்கொள்ளும்.

இனி, எழுதி முடித்த நோட்டு. காசியில் ராம் ரமாபதி வங்கி என்று ஒன்று உண்டு. அங்கே நாமத்தைக் ‘கடனாக’ ஏற்பவர் 8 மாதம் 10 நாளில் 1,25,000 ராம நாமம் எழுதித் தர வேண்டும், நாளுக்கு 500. எழுதிய தாள் வங்கிக்கே திரும்பிவந்து அங்கே காக்கப்படுகிறது. எழுதத் தொடங்கும் முன்பே அது எங்கே போய்ச் சேரும் என்று எழுதுபவருக்குத் தெரிகிறது. பத்ராசலம் ராமர் கோயிலுக்கு ராமகோடி (கோடி ராம நாமம்) நோட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தெலுங்கு வழக்கமும் இப்படித்தான். நம் பக்கத்தில் பெரும்பாலும் எழுதி முடித்த பிறகுதான் இடம் தேடுகிறார்கள்.

ஆற்றில் விடுவது எனக்கு ஒப்பவில்லை. பால்பாயின்ட் மை நீரில் எளிதில் கரையாது, பிளாஸ்டிக் அட்டை மட்காது, தாள் கூழாகி மதகில் அடைக்கும். மிதித்துப் போகும் படித்துறையில் நாமம் ஒதுங்குவதைவிட அவமதிப்பு என்ன இருக்கிறது? திருப்பணி நடக்கும் கோயிலில் பீடத்தின் அடியில் வைக்க ஒப்புக்கொண்டால் அட்டையையும் கம்பியையும் நீக்கி, நன்றாக உலர்த்தி, மண்கலத்தில் இட்டு வாயை மெழுகால் அடைத்துக் கொடுக்கலாம். ஈரமாக வைத்தால் பூஞ்சை பிடிக்கும், மூடாமல் வைத்தால் கரையான் ஏறும்.

அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. மற்றவர்களுக்கு வீட்டிலேயே வழி உண்டு. தாள்களைச் சிறிதாகக் கிழித்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கூழாக அரைத்து, அகலமான தொட்டியில் தண்ணீரோடு கலக்கி, சல்லடையால் மெல்லிய படலமாக அள்ளி, பருத்தித் துணியில் கவிழ்த்து நிழலில் காயவைத்தால் மீண்டும் தாள் கிடைக்கும். பேனா மையால் சற்றுச் சாம்பல் நிறமாக இருக்கும், கொஞ்சம் சொரசொரப்பாகவும் இருக்கும். எழுத வரும். அதிலேயே அடுத்த நாமத்தைத் தொடங்கலாம். நாமம் ஏந்திய தாள் நாமத்துக்கே திரும்புகிறது.

ஆஞ்சநேயர், ராமர் கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுமன் ஜெயந்திக்கு முன்பே வாசலில் ஒரு பலகை வையுங்கள்: எந்த நாளில் நோட்டு பெறப்படும், பிளாஸ்டிக் அட்டையும் சுருள் கம்பியும் ஏற்கப்படுமா, பெற்ற நோட்டு பிறகு என்ன செய்யப்படும். இடமில்லை என்றால் ‘பெறப்படாது’ என்றே எழுதிவிடலாம். பெறுவதாக இருந்தால் ஈரம் படாத இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு மரப்பலகை போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.