வண்டியின் நீளத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்காவைக் கடக்கும் 'கோயிங் டு தி சன்' மலைச்சாலையின் அழகை எழுதுவோர், அதன் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதியில்லை என்பதை ஏனோ சொல்வதில்லை. ஒரு மாதமாக ஆர்.வி. வண்டியிலேயே சமைத்து, உறங்கி ஊர் சுற்றிய நாங்கள், அதை முகாமில் நிறுத்திவிட்டு, வாடகைக் காரில்தான் 6,646 அடி உயர லோகன் கணவாய்க்கு ஏறினோம். ஒருபுறம் பாறையிலிருந்து வழியும் பனிநீர் கார்க் கண்ணாடியில் தெறிக்க, மறுபுறம் குட்டையான கல்சுவருக்கு அப்பால் வெறும் பள்ளம் தெரிந்தபோது, 1933இல் திறக்கப்பட்ட அச்சாலைக்கு அந்த விதி எவ்வளவு அவசியம் என்பது புரிந்தது; காரோட்டிய என் கணவரோ காட்சி எதையும் பார்க்கவேயில்லை. பயணக் கட்டுரைகளில் இத்தகைய கட்டுப்பாடுகளையும் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி