பாஸ்டர் ஐயாவுக்கு: கட்டணத்தை ஏற்றுமுன் ஒரு கணக்கு

அன்புள்ள பாஸ்டர் ஐயாவுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் ஆட்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து, உங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாத்தா எழுதுகிறேன். நான் கோயிலுக்குப் போகிறவன். பேத்தி காலையில் உங்கள் ஜெபத்தில் பாடிவிட்டு வந்து, சாயங்காலம் எங்கள் வீட்டில் விளக்கேற்றுகிறாள். இரண்டு பக்கமும் இதுவரை புகார் இல்லை.

அடுத்த வருஷம் கட்டணம் ஏறும் என்று சுற்றறிக்கை வந்ததே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

லாப நோக்கில்லாத தனியார் பள்ளிக்கு அரசு தரும் மானியம், பள்ளி வாங்கும் கட்டணத்தைப் பொறுத்தது. மாகாணத்தின் அரசுப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஆகும் சராசரிச் செலவில் பாதிக்குள் உங்கள் கட்டணம் இருந்தால், அந்தச் செலவில் 60 விழுக்காடு மானியம். கட்டணம் ஏற ஏற அது 40, 25, 15 என்று இறங்கும். அந்தச் சராசரிச் செலவில் இரண்டரை மடங்கைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. வரம்பை ஒட்டி நிற்கிற பள்ளி கொஞ்சம் ஏற்றினாலும், பெற்றோரிடம் கூடுதலாக வாங்கியதைவிட அரசிடம் இழப்பது அதிகமாகிவிடலாம். குழு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததா? சுற்றறிக்கையில் அதற்கான அடையாளமே இல்லை.

நன்கொடைக்கு இந்தச் சிக்கல் இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் நம் நாட்டு வரித்துறையான சார்ஸிடம் (SARS) அங்கீகாரம் வாங்கிய பள்ளி ரசீது கொடுத்தால், கொடுத்தவர் தம் வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். தனிநபருக்கு வரி ஆண்டு பிப்ரவரியோடு முடிகிறது. ஜனவரியில் கேட்டால் கடைக்காரர்கள் காது கொடுப்பார்கள். ஒன்று மட்டும்: கட்டணத்தையே நன்கொடை என்று எழுதி ரசீது தரச் சொல்லிச் சில பெற்றோர் நச்சரிப்பார்கள். தராதீர்கள். கட்டாயப்படுத்தி வாங்குவது நன்கொடையும் இல்லை.

அப்புறம், பள்ளிக்குப் பணம் சேர்க்க நீங்கள் டிக்கெட் போட்டு விற்கும் பிரியாணி. மசூர் பருப்புப் போட்ட நம்ம டர்பன் பிரியாணியை நான் குறை சொல்வேனா? ஆனால் விடியற்காலையில் அண்டாவைக் கிளறுவது எப்போதும் அதே நாலைந்து பெண்கள்தான். அரிசியும் கோழியும் அவர்கள் கைக்காசு. அதைக் கழித்துப் பார்த்தால் லாபம் எவ்வளவு என்று ஒருமுறை எழுதிப் போடுங்கள். போதாததற்குப் புரட்டாசியில் கோழி பிரியாணி டிக்கெட்! கவுச்சி சமைக்காத வீடுகளின் வாசலில் நின்று பிள்ளைகள் விழித்தது எனக்கே பாவமாக இருந்தது.

இங்கே நேட்டால் மாகாணத்தில் நம் பெரியவர்கள் காலத்தில் எத்தனையோ பள்ளிகளுக்குக் கட்டடம் ஊருடையது, வாத்தியார் சம்பளம் அரசாங்கத்துடையது. இந்திய அரசின் முதல் ஏஜென்டாக, அதாவது பிரதிநிதியாக, 1927இல் வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி இங்குள்ள இந்தியர்களிடம் கேட்டுத் திரட்டிய பணத்தில்தான் 1929இல் சாஸ்திரி கல்லூரி திறந்தது. அவர் எதற்கு என்று சொல்லிக் கேட்டார். நீங்கள் சபைக்குள்ளேயே காணிக்கைத் தட்டைச் சுற்றவிடுகிறீர்கள். வெளியே இருக்கும் எங்களிடம் டிக்கெட் மட்டும் நீட்டுகிறீர்கள். எவ்வளவு துண்டு விழுகிறது, எந்த வாத்தியார் சம்பளம் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி எல்லா வீட்டுக்கும் அனுப்புங்கள். கோயில் கமிட்டியில் நானே படித்துக் காட்டுகிறேன்.

அங்கீகாரக் கடிதம் வந்ததும் சொல்லியனுப்புங்கள், முதல் ரசீதை என் பேருக்கு எழுதலாம். கட்டணத்தை மட்டும் அதுவரை தொடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு தாத்தா