பிளேடு அப்புறம், முதலில் ஓடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு மாணவர் பக்கத்தில், ரிமோட்டில் ஓட்டுகிற ரோபோக்களை மோதவிடும் ரோபோ சண்டை பற்றி எழுதியிருந்தீர்கள். தீப்பொறி பறக்கிற படமும் போட்டிருந்தீர்கள், வினையே அதுதான். மகள் வயிற்றுப் பேரன், ஒன்பதாம் வகுப்பு, அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவிட்டு "ஐயா, மறுபடி பிளேடு மாட்டுவோம்" என்று நிற்கிறான். மறுபடி என்கிறானே, அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டுகிறவன். கோடை விடுமுறையில் ஒரு பயிற்சி நிலையத்தில் இவனைச் சேர்த்தோம். முதல் வாரமே சுழலும் பிளேடு மாட்டிய ஒரு ரோபோவைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், எங்கே வைத்து ஓட்டுவது, எப்படி நிறுத்துவது என்று ஒரு வார்த்தை இல்லை. வீட்டு வளவில், அதாவது முற்றத்தில், வைத்து ஓட்டினோம். பிளேடைப் பிடித்திருந்த திருகாணி கழன்று தூணில் அடித்து, அங்கிருந்து எகிறி தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ஒரு சில்லைப் பெயர்த்துவிட்டது. என் சம்சாரம் இன்னும் அந்தக் கல்லைக் காட்டிக்காட்டித்தான் பேசுகிறாள். கல் போனால் போகட்டும், தூணுக்கு அந்தப் பக்கம் பேத்தி உட்கார்ந்திருந்தாள். சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் காளை வந்தாலாவது கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கலாம். பிய்ந்து பறக்கிற திருகாணி யாருக்குத் தெரிகிறது?

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 செ.மீ. நீளம், 60 கிராம் எடையுள்ள இரும்புப் பட்டை நடுவை அச்சாக வைத்து நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால் அதில் ஏறக்குறைய 40 ஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கும். நாலு கிலோ குழவியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காலில் போட்டுக்கொள்வதும் அதே கணக்குதான். வேகத்தை இரட்டித்தால் அடி நாலு மடங்காகும். மும்பை ஐஐடியின் டெக்ஃபெஸ்ட் என்கிற தொழில்நுட்ப விழாவில் பெரிய ரோபோக்கள் மோதுவது பாலிகார்பனேட் என்கிற, கண்ணாடி போலத் தெரியும் உறுதியான பிளாஸ்டிக் தடுப்புக்குள்ளே. அதையும் அக்ரிலிக் என்கிற இன்னொரு பிளாஸ்டிக்கையும் ஒன்று என்று நினைக்கிறார்கள், அக்ரிலிக் அடிபட்டால் சில்லுசில்லாய்ச் சிதறும்.

ஆகையால் முதல் ரோபோவுக்கு ஆயுதமே வேண்டாம் என்பது என் கட்சி. முன்னால் சரிவாக ஒரு தகடு, தரையை உரசிக்கொண்டு எதிராளிக்கு அடியில் புகுந்து புரட்டித் தள்ளுகிற மாதிரி, அது போதும். நாங்கள் இரண்டாவதாகச் செய்தது அதுதான், அமெரிக்காவில் ஆன்ட்வெயிட் என்று வைத்திருக்கிற 454 கிராம் எடைப் பிரிவில். உடம்புக்குப் பாத்திரக் கடையில் விற்கிற காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகை. அறுக்கலாம், துளை போடலாம், அடி வாங்கினால் நெளியுமே தவிர உடையாது. (பக்கத்து வீட்டு ஆசாரி பர்மா தேக்குத் துண்டு தருகிறேன் என்றார். பார்க்க அழகாக இருக்கும், எடை தாங்காது.) சக்கரத்துக்கு என்20 என்கிற சின்ன கியர் மோட்டார் நாலு. நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றும் மோட்டாரில் 40 மி.மீ. சக்கரம் போட்டால் வினாடிக்கு ஒரு மீட்டர் போகும், பழகுகிறவனுக்கு அது தாராளம். உடம்பின் உயரம் சக்கரத்தைவிடக் குறைவாக இருந்தால் கவிழ்த்துப் போட்டாலும் ஓடும். இந்த ஒரு யோசனை பேரனுடையது, நான் அதை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ரோபோ தோற்றதெல்லாம் எதிராளியால் இல்லை. ஈயப் பற்று விட்டுப்போய், ஒயர் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, திருகாணி தளர்ந்து. முப்பது வருடம் பற்றவைத்த கை என்று பெருமை பேசியவனுக்கு அது கொஞ்சம் அவமானம்தான். ரிமோட்டை அணைத்தால் ரோபோ தானாக நிற்கிறதா என்பதையும் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி வைத்துச் சோதிக்க வேண்டும். ரோபோவுக்குள் ரிமோட்டின் கட்டளையை வாங்குகிற ரிசீவர்களில் சில, கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

பேட்டரிதான் எனக்குப் பயம். மூன்று செல் லித்தியம் பாலிமர், முழுதாக ஏறினால் 12.6 வோல்ட். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது, இறங்கினால் கெட்டுப்போகும். குத்துப்பட்டாலோ உப்பினாலோ தீப்பிடிக்கலாம், ஆகவே ஒவ்வொரு செல்லையும் சமமாக ஏற்றுகிற சார்ஜரில் மட்டும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏற்ற வேண்டும். ராத்திரி மாட்டிவிட்டுத் தூங்கப்போவது கூடவே கூடாது. எங்கள் வீட்டில் பழைய எனாமல் வாளியில் மணல் போட்டு வைத்திருக்கிறோம், முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள் பார்த்தால் வயிறெரிவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். லித்தியம் பேட்டரியை ஆராய்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்மூரில் இருக்கிறது, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்த நிறுவனம். அங்கே இருக்கிறவர்கள் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரை நாள் உட்கார்ந்து இந்தப் பேட்டரியை எப்படிக் கையாளுவது என்று சொல்லிக்கொடுத்தால் என்ன? பொறியியல் கல்லூரியில் பாலிகார்பனேட் பெட்டி ஒன்று செய்து வைத்து, சனிக்கிழமை மட்டும் திறந்துவிட்டால் பையன்கள் வளவில் ஓட்ட மாட்டார்கள்.

அடுத்த முறை ரோபோ படம் போடும்போது ஆயுதமில்லாத ஒன்றையும் போடுங்கள். எங்களுடையதை வேண்டுமானால் அனுப்புகிறேன், அழகு கம்மிதான், பலகையில் கத்தி பட்ட கோடு கூட இருக்கிறது.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் ஒரு வாசகர்,
காரைக்குடி.