கேட்காமலே சொன்னவருக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

வியாழக்கிழமை காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. ஒவ்வொருவரிடமும் ஆறுதலாகப் பேச ஆசைதான். ஆனால் நான் பேசத் தொடங்கியதுமே குரல் அடைத்துவிடுகிறது, மறுமுனையில் இருப்பவரும் அழத் தொடங்கிவிடுகிறார். அதனால் எழுதுகிறேன். மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. கணிதத்தில் ஏ, பௌதிகத்திலும் புவியியலிலும் பி. குடிசார் பொறியியல் படிக்கப் போகிறாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதக்கூடாது என்கிறாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் சொல்லைக் கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது இதை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். திரும்ப எழுதத் தெம்பில்லை. என் கணவர் இப்போது கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறார், கறியில் உப்புக் குறைவு என்று குறை சொல்கிறார். அது போதும்.

என் வேலை நேரத்தைத் தங்கள் நேரத்தோடு மாற்றித் தந்த சமையலறைத் தோழிகளுக்கும், கேட்கும் முன்பே காருடன் வந்து நின்ற கடை அண்ணாவுக்கும், வெள்ளிதோறும் மரக்கறிச் சாப்பாடு கட்டி அனுப்பிய மேல்மாடி மாமிக்கும், ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் இருந்து ஞாயிறுகளில் வந்து இவரோடு இருந்த மைத்துனர்மாருக்கும், கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டுச் சொல்லாமலே விட்டவர்களுக்கும், தன் மதிய இடைவேளைகளை மகளுக்காகக் கொடுத்த பௌதிக ஆசிரியருக்கும், பரிந்துரைக் கடிதத்தைப் பலமுறை திருத்தி எழுதிய உயர்தர வகுப்புப் பொறுப்பாளருக்கும் என் நன்றி. ஒரே வரியில் எல்லோரையும் அடக்கிவிட்டேன் என்று மனக்குறை வேண்டாம். நீங்கள் செய்ததை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள்.

இனி எழுதப் போவது உங்களில் எவருமே கண்டிராத ஒருவரைப் பற்றி. அவர் ஒரு சோமாலியத் தாய். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இந்த மடலை ஆங்கிலத்தில் அவருக்கு வாசித்துக் காட்டுவதாக மகள் சொல்லியிருக்கிறாள்.

மருத்துவமனையில் நாங்கள் காத்திருக்கும் வரிசையில்தான் அவரும் தன் தாயாருடன் இருப்பார். மகள் மடியில் கணிதக் கொப்பியை வைத்திருப்பாள். மருத்துவர் கூப்பிட்டதும் அதை என் கையில் தந்துவிட்டுத் தகப்பனோடு உள்ளே போவாள், மருத்துவர் சொல்வதை இவருக்குத் தமிழிலும் இவர் சொல்வதை மருத்துவருக்கு ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டு வந்து, விட்ட கணக்கைத் தொடர்வாள். சில வாரங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா ஒரு நாள் என் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். "எந்த வகுப்பு?" என்றார். பன்னிரண்டு என்றேன். "சம்மர் ஸ்கூலுக்கு எழுதிவிட்டாளா?" என்றார். அதற்கெல்லாம் வசதியில்லை என்றேன்.

வசதியில்லாதவர்களுக்காகத்தான் அது நடக்கிறது என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறத்தாழ ஒரே தரம், அதனால் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டோம். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் கோடையில், சாதாரண அரசுப் பாடசாலைப் பிள்ளைகளைச் சில நாட்கள் பல்கலைக்கழக விடுதியிலேயே தங்கவைத்து, விரிவுரை, ஆய்வுகூடம் எல்லாம் காட்டுகிறார்கள். சட்டன் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 1997-இல் ஒக்ஸ்போர்டில் இதைத் தொடங்கியது, நிறுவியவர் பீட்டர் லாம்பல். இன்று பல பல்கலைக்கழகங்களில் அது நடத்துகிறது. படுக்கை, சாப்பாடு, பாடம் எதற்கும் பணமில்லை. பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே நடத்துபவையும் உண்டு. அப்படிச் சிலவற்றை முழுமையாக முடித்த பிள்ளைக்குப் பிறகு விண்ணப்பத்தில் குறைந்த பெறுபேற்றுடன் அனுமதி கிடைக்கலாம். மற்றவர்களிடம் மூன்று ஏ கேட்கும் இடத்தில் அந்தப் பிள்ளையிடம் ஒரு ஏ, இரண்டு பி கேட்பார்கள். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இப்படிப் பெறுபேற்றைக் குறைத்துக் கேட்பதற்கென்றே 'அக்சஸ் டு லீட்ஸ்' என்று ஒரு வழி இருக்கிறது, பிரிஸ்டலிலும் இரண்டு படி வரை குறைப்பார்கள். அவருடைய மூத்த மகன் கிங்ஸ் கல்லூரியின் ஆறாண்டு மருத்துவப் படிப்பில் இருக்கிறான். 2001-இல் தொடங்கிய திட்டம் அது. முதலாண்டுப் பாடத்தை இரண்டு ஆண்டுகளில் பரவலாகப் படிப்பித்து, அதன் பிறகு மற்ற மாணவர்களோடு சேர்த்துவிடுகிறார்கள். எழுதுவது அதே பரீட்சை, பெறுவது அதே பட்டம்.

பக்கத்தில் இருந்த மகளின் முகம் மாறவில்லை. "எங்கள் அஞ்சல் குறியீடு சேராது. ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டேன்" என்றாள். எனக்குத் தெரியாமல் தேடியிருக்கிறாள், 'இல்லை' என்று வந்ததும் சொல்லாமல் மூடிவைத்திருக்கிறாள். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் எத்தனை இளைஞர்கள் பல்கலைக்கழகம் போகிறார்கள் என்று பார்த்து வகுத்த 'போலார்' என்ற அளவீட்டைப் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தி வந்திருக்கின்றன. இலண்டனில் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் பெருமளவில் பல்கலைக்கழகம் போகிறார்கள், அதனால் நம்முடைய ஈரச் சுவர் அடுக்குமாடியும் அந்தக் கணக்கில் நல்ல இடமாகிவிடுகிறது.

அந்த அம்மா கையை வீசி அதைத் தள்ளினார். அஞ்சல் குறியீடு ஒரு வழி மட்டும்தான் என்றார். பாடசாலையில் இலவச மதிய உணவு பெற்றாளா, பாடசாலையின் சராசரிப் பெறுபேறு எப்படி, அகதியாக வந்த குடும்பமா, பெற்றோர் பல்கலைக்கழகம் போனவர்களா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வேறுவேறு கேள்விகளை வைத்திருக்கிறது, ஓரிடத்தில் சேராதது இன்னோர் இடத்தில் சேரும் என்றார். பிறகு மருத்துவரின் அறைக் கதவைக் காட்டி, "அங்கே உள்ளே போய் அவள் செய்கிறாளே, அதற்கும் விண்ணப்பத்தில் ஒரு பெட்டி இருக்கிறது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. தகப்பனைப் பிள்ளை பார்ப்பதைப் படிவத்தில் எழுதி இடம் கேட்பதா? அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "என் மகனும் இதையேதான் சொன்னான். பல்கலைக்கழகம் உன் வீட்டுக்குள் வந்து பார்க்கப் போவதில்லை, சகோதரி. நீ எழுதினால்தான் அவர்களுக்குத் தெரியும்" என்றார்.

பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக அனுப்பும் யூகாஸ் விண்ணப்பத்தில், 2023-ஆம் ஆண்டு அனுமதிக்கான சுற்றிலிருந்து, குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்கும் மாணவரா என்ற கேள்வி நேரடியாகவே இருக்கிறது. எங்களில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, 'இது எங்களுக்கில்லை' என்று கடந்துபோயிருப்பார்கள்.

அடுத்த வாரம் அவர் தன் மகனின் பழைய கோப்பைக் கொண்டுவந்தார். கோடைப்பள்ளியின் நிகழ்ச்சிநிரல், அனுமதிக் கடிதம், எழுதித் திருத்திய வரைவுகள் எல்லாம் இருந்தன. ஓரங்களில் பேனாவால் அவரே எழுதிய குறிப்புகள்தான் எனக்கு வாய்த்த பொக்கிஷம். 'ரயில் காசை முதலில் நீ கட்டு, பிறகு தருகிறோம் என்றால், முடியாது என்று எழுது, டிக்கெட்டையே அனுப்புவார்கள்.' 'சாப்பாட்டுப் பழக்கத்தை முன்கூட்டிச் சொல்.' 'கையெழுத்துக்குத் தகப்பன் இல்லையென்றால் தாய் போதும்.' கடைசிப் பக்கத்தில் எனக்கென்றே புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்: 'மருத்துவமனை மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரும். கேள்.'

கேட்டேன். தந்தார்கள். கோடைப்பள்ளி நடந்த வாரத்தில் இவருக்குப் பக்கத்தில் நின்று தமிழ் பேசியவர் மருத்துவமனை அனுப்பியவர். அங்கே மகள் முன்பின் தெரியாத பிள்ளைகளோடு காகிதத்தில் பாலம் கட்டிக்கொண்டிருந்தாள். மேலே செங்கல் வைத்ததும் எல்லோருடையதிலும் முதலில் உடைந்தது இவர்களுடைய பாலம்தானாம். அதை இரவு தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது.

நம்மவர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும், கோபிப்பவர்கள் கோபியுங்கள். எங்கே ரியூசன் அனுப்புகிறீர்கள் என்று கேட்டால் பேச்சை வானிலைக்கு மாற்றுகிறோம். நல்ல ஆசிரியரின் இலக்கத்தைக் கேட்டால் 'தேடித் தருகிறேன்' என்கிறோம், தேடுவதில்லை. பெறுபேறு வந்த பிறகுதான் நம் பிள்ளை எங்கே படித்தான் என்பதே ஊருக்குத் தெரிகிறது. என் பிள்ளைக்குப் போட்டியாக இன்னொரு பிள்ளை வந்துவிடக் கூடாதே என்ற பயம், வேறொன்றுமில்லை.

ஆனால் அந்த அம்மாவின் இளைய மகளும் அப்போது பன்னிரண்டாம் வகுப்புத்தான். அவளும் பொறியியல்தான். என் மகளுக்குக் கோப்பைக் கொடுத்த அதே வாரத்தில், அதே கோடைப்பள்ளிக்குத் தன் மகளையும் விண்ணப்பிக்க வைத்திருந்தார். இடங்களோ கொஞ்சம். என் மகளுக்குக் கிடைத்தது, அவருடைய மகளுக்குக் கிடைக்கவில்லை. இதை நான் அறிந்தது கோடை முடிந்த பிறகுதான், அதுவும் பேச்சுவாக்கில். எனக்கு வாயடைத்துப்போனது. "அவளுக்கு வேறிடத்தில் கிடைத்தது, அங்கே சாப்பாடு இன்னும் நல்லதாம்" என்று சொல்லிவிட்டுத் தன் தாயாரின் போர்வையைச் சரிசெய்யப் போய்விட்டார்.

எங்கள் வீட்டிலேயே ஒரு தடை இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். குறைந்த புள்ளியில் அனுமதி என்று கேட்டதும் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரணம் உங்களில் யாழ்ப்பாணத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1970-களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்து, தமிழில் பரீட்சை எழுதியவர்களின் வெட்டுப்புள்ளி உயர்ந்தபோது மருத்துவபீடத்தை இழந்தவர் இவருடைய பெரியப்பா. கடைசிவரை கடைக் கணக்கு எழுதினார். புள்ளியைக் கூட்டியும் குறைத்தும் விளையாடுகிறவர்கள் மீது அந்த வீட்டில் எவருக்கும் நம்பிக்கை இல்லை.

நானோ மன்னார். எங்கள் பாடசாலையில் இரசாயன ஆய்வுகூடம் என்று ஒரு பெயர்ப்பலகை இருந்தது, உள்ளே உடைந்த கதிரைகள். என் பெரியக்கா பல்கலைக்கழகம் போனது மாவட்ட ஒதுக்கீட்டில்தான். இன்றும் இலங்கையில் மருத்துவம், பொறியியல் இடங்களில் 40 சதவீதம்தான் தீவு முழுவதுக்குமான திறமைப் பட்டியலில் நிரப்பப்படுகிறது. 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, மீதி 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஒரே காலத்து ஏற்பாடுகள் இவர் வீட்டுக் கதவை மூடின, என் வீட்டுக் கதவைத் திறந்தன. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் பேசாமலே விட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று.

இந்தமுறை பேசினோம். எழுதிய மொழிக்காகப் பிள்ளையைத் தள்ளிவைப்பதும், அவள் எந்த அறையில் உட்கார்ந்து படித்தாள் என்று விசாரிப்பதும் ஒன்றல்ல என்றேன். "இடம் எண்ணப்பட்டதுதானே, இவளுக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லைதானே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, இப்போதும் முழுதாக இல்லை. அந்தச் சோமாலியப் பிள்ளையை நினைக்கும்போது இன்னும் இல்லை. ஆனால் இரவு இவர் தானாகவே சம்மதப் படிவத்தைக் கேட்டு வாங்கி, இடது கையால், பிள்ளை எழுத்துப் போன்ற எழுத்தில் ஒப்பமிட்டார்.

'சலுகையில் போனவள்' என்று ஒருவர் சொன்னதாக ஏற்கெனவே என் காதுக்கு வந்துவிட்டது. சொன்னவர் இதை வாசிப்பார் என்று தெரியும். வார்டில் நாற்காலியில் உட்கார்ந்து வகையீட்டுக் கணக்குச் செய்து ஏ எடுத்தவள் அவள். அவளுக்குக் குறைத்தது இரண்டு படி. அவள் ஏறிய படிகளை எண்ணத் தொடங்கினால் உங்களுக்கு நேரம் போதாது.

சரி, கடனுக்கு வருகிறேன். அந்த அம்மாவிடம் என்ன தரட்டும் என்று கேட்டேன். கோப்பைத் திருப்பித் தர வேண்டாம், அடுத்தவருக்குக் கொடு என்றார். ஆகவே செப்டெம்பரிலிருந்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பெற்றோர் காத்திருக்கும் கூடத்தில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் அந்தக் கோப்போடு இருப்பேன். என் மகளின் வரைவுகளும் இப்போது அதில் இருக்கின்றன, அவள் சம்மதித்திருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை உள்ளவர்கள் தயங்காமல் வாருங்கள். கோடையில் நடக்கும் பள்ளிக்குக் குளிர்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே தைப்பொங்கல் கழியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். அஞ்சல் குறியீடு சேரவில்லை என்று திரும்பிப் போனவர்கள் முதலில் வாருங்கள். வீட்டில் நோயாளி இருப்பதைச் சொல்ல விரும்பாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு வரலாம், நான் கதவைப் பூட்டும் வரை அங்கேதான் இருப்பேன்.

என்றும் நன்றியுடன்,
ஒரு தாய்
இலண்டன்