உறவினர் வீட்டில் ஊசியும் நூலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைப் பயணங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், உறவினர் வீட்டுக்குச் செல்பவர்கள் தங்கள் பொழுதுபோக்கு வேலைகளை வீட்டிலேயே விட்டுச் செல்வதுதான் நாகரிகம் என்று எழுதப்பட்டிருந்தது. கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் அது பொருந்தலாம். துண்டுத்துணிகளை இணைத்துப் போர்வை தைப்பதிலும் எம்பிராய்டரியிலும் பல காலமாக ஈடுபட்டு வருபவள் என்ற முறையில், ஊசியையும் நூலையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்ல விரும்புகிறேன்.

உறவினர் வீட்டில் நமக்குக் கிடைக்கும் நேரம் நம் கையில் இல்லை. ஊர் சுற்றிப் பார்க்கப் போகலாம் என்று காலையிலேயே முடிவானாலும், ஒருவர் குளித்து, இன்னொருவர் உடுத்தி, குழந்தைகளைக் கிளப்பி வண்டி நகர்வதற்குள் வெயில் ஏறிவிடும்; மாலையில் திரும்பி வந்தால் கால் ஓய்ந்து எல்லோரும் கூடத்தில் அமர்ந்து பழங்கதை பேசத் தொடங்குவார்கள். இந்த இடைவெளிகளில் எடுத்த எடுப்பில் தொடங்கவும், கூப்பிட்ட குரலுக்கு அப்படியே மடித்து வைத்துவிட்டு எழவும் தோதான வேலைதான் பயணத்துக்கு உகந்தது. கட்டங்களை எண்ணி, பெருக்கல் குறி வடிவில் தையல் போட்டுப் படத்தை உருவாக்கும் கிராஸ் ஸ்டிட்ச்சை எடுத்துக்கொள்வோம். இதற்கென்றே கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில் 14 எண் என்றால் அங்குலத்துக்கு 14 கட்டங்கள், அதாவது ஒரு சதுர அங்குலத்தை நிரப்ப 196 தையல்கள். நான்கு கட்டத்துக்கு ஒருமுறை நிறம் மாறும் பெரிய படத்தை, வரைபடத்தைப் பார்த்து எண்ணித் தைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பெரியம்மா ஏதாவது கேட்டால், ஒன்று எண்ணிக்கை போகும், இல்லையேல் பெரியம்மாவின் மனம் வாடும். அத்தகைய படத்தில் ஒரே நிறத்தில் நிரப்ப வேண்டிய பின்னணியை மட்டும் பயணத்துக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

என் அனுபவத்தில் இதைவிடவும் பொருத்தமானது, காகித அச்சின்மேல் துணியை மடித்துத் தைக்கும் அறுகோண வேலை. பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்ள தடித்த காகித அறுகோணத்தைத் துணியின் உட்புறத்தில் வைத்து, சுற்றிலும் கால் அங்குலம் விட்டு வெட்டிய ஓரத்தை ஒவ்வொரு பக்கமாக மடித்து, மூலைகளில் பிறகு பிரித்துவிடக்கூடிய கச்சாத் தையல் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, மடிப்பின் விளிம்பில் இரண்டு மூன்று இழைகளை மட்டும் ஊசி முனையால் அள்ளி நெருக்கமாகத் தைத்துக்கொண்டு போனால், வெளிப்பக்கம் தையல் அவ்வளவாகத் தெரியாது. ஆறு பக்கமும் அண்டைத் துண்டுகளோடு இணைந்த பின்னரே காகிதத்தை உருவ வேண்டும். அவசரப்பட்டு முன்பே உருவினால் விளிம்பு நெளிந்துவிடும். கைப்பையின் ஒரு மூலையில் அடங்கிவிடும் இந்த வேலைக்கு இயந்திரமோ மேசையோ தேவையில்லை. இது புதிதாக முளைத்த உத்தியும் அன்று. இங்கிலாந்தில் போர்வை தைப்பவர்களின் சங்கமான குயில்டர்ஸ் கில்டு அமைப்பின் பாதுகாப்பில் உள்ள, காகித அச்சுகளின்மேல் தைத்த பட்டுப் போர்வை ஒன்றில் 1718 என்ற ஆண்டே துணியில் பதிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால், இந்த வசதியெல்லாம் புறப்படுவதற்கு முன்பே வேலையைப் பிரித்து வைத்தவர்களுக்குத்தான் வாய்க்கும். நிறம் தேர்வதும் வெட்டுவதும் அடுக்கிப் பார்ப்பதும் இடமும் அமைதியும் கேட்கும் வேலைகள் என்பதால், அவற்றை நம் வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். கரும்துணியில் கருநூல் ஓட்டும் பகுதியைக் கொண்டுபோவதும் வீண், ஏனெனில் பழக்கமில்லாத வீட்டின் இரவு விளக்கில் இழை கண்ணுக்குத் தெரியாது. விமானப் பயணமாயின் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்க விதிப்படி, இரு அலகுகளும் இணையும் ஆணியிலிருந்து அலகின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைவாக உள்ள கத்தரிக்கோலைக் கைப்பையில் வைக்கலாம். துணி வெட்டும் வட்டக் கத்தியான ரோட்டரி கட்டரை, விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில்தான் போட வேண்டும். விதிகள் நாட்டுக்கு நாடு மாறுவதால் விமான நிறுவனத்திடம் முன்னதாகவே கேட்டுவிடுவது நல்லது.

கட்டுரையாளரின் மனத்தாங்கலில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய், அந்த வீட்டார் சாப்பிடும் மேசையை நாள் முழுவதும் துணியால் நிரப்பிவைத்து, குறிப்பிட்ட நாளுக்குள் ஒருவருக்குப் பரிசாகத் தந்தாக வேண்டிய போர்வையை அங்கே உட்கார்ந்து முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விருந்தினராக வந்தார்களா, பட்டறை போட வந்தார்களா என்று அத்தை முணுமுணுத்தால் குற்றமில்லை. தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஊசியை எண்ணி எடுத்து, எண்ணித் திரும்ப வைப்பது கட்டாயம். மற்றபடி, கை ஓடிக்கொண்டிருக்கும்போது காது திறந்துதான் இருக்கிறது. எதிரே அமர்ந்து முகத்தைப் பார்த்தால் சொல்லத் தயங்கும் சங்கதிகளைக்கூட, நாம் குனிந்து தைத்துக்கொண்டிருந்தால் பெரியவர்கள் தாமாகவே சொல்லத் தொடங்குவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

ஊர் பார்க்கக் கிளம்பினால் மட்டும் தையல் பை வீட்டிலேயே இருக்கட்டும். குலுங்கும் வண்டியில் ஊசி பிடிப்பது ஆபத்து. கத்தரிக்கோலோடு பல இடங்களில் உள்ளே விடவும் மாட்டார்கள். அருங்காட்சியகத்தில் துணிப் பிரிவு இருந்தால், அதைப் பார்க்கும் ஆசையை மற்றவர்கள்மேல் சுமத்தாமல் ஒரு முற்பகலை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு தனியாகப் போய்வருவதே எல்லோருக்கும் நிம்மதி. ஒளி பட்டால் சாயம் வெளுக்கும் என்பதற்காக அத்தகைய அறைகளில் வெளிச்சத்தைச் சுமார் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) என்ற மங்கலான அளவுக்கே வைப்பது வழக்கம். கண் பழகவே சிறிது நேரமாகும், தையலை நின்று கவனிக்க இன்னும் நேரம் பிடிக்கும். குழந்தைகளையும் பசியோடு இருப்பவர்களையும் வாசலில் காக்க வைத்துவிட்டு அதை ரசிக்க முடியாது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பழந்துணிகளைத் தொடர்ந்து ஒளியில் வைக்க முடியாததால், அருங்காட்சியகங்கள் அவற்றைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுகின்றன, அல்லது அந்த அறையையே மூடிவைக்கின்றன. நூல்களில் படம் பார்த்துவிட்டு ஆவலோடு போகிறவர்கள் வெறும் கண்ணாடிப் பேழையைப் பார்த்துத் திரும்ப நேர்கிறது. தங்கள் பயணப் பக்கத்தில் அருங்காட்சியகங்களை அறிமுகப்படுத்தும்போது, துணிப் பிரிவு அந்தப் பருவத்தில் திறந்திருக்கிறதா, காப்பறையில் உள்ளவற்றைப் பார்க்க முன் அனுமதி பெறும் வழி உண்டா என்பதையும் ஓரிரு வரிகளில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி