ஒரு சாய்கோடு, 600 கிராம்

திட்டப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். நிரலின் இடைவெளி, மேற்கோள்குறிகளைத் தானாக ஒரே சீராக்கும் கருவியான ஃபார்மேட்டரைக் கட்டாயமாக்கும் பேச்சு உங்களுக்குப் புதிதில்லை. மூன்று முறை கேட்டாயிற்று. மூன்று முறையும் "அப்புறம் பார்க்கலாம்" என்றீர்கள்.

போன வாரம் நம் பசுந்தேயிலை எடைக் கணக்கு நிரலில் ஒரு மாற்றம் என்னிடம் ரிவ்யூவுக்கு (சரிபார்ப்புக்கு) வந்தது. அனுப்பியவரின் எடிட்டர் கோப்பு முழுக்க ஸ்பேஸை டேப்பாக மாற்றியிருந்தது. திறந்தால் 612 வரிகள் மாறியதாக, சிவப்பும் பச்சையுமாக. வெளியே ஐப்பசி மழை, கரண்ட் இல்லை. லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜில் வரி வரியாகப் பார்த்து மெர்ஜ் செய்தேன், அதாவது நிரலோடு சேர்த்தேன். உண்மையில் மாறியிருந்தது ஒரே வரி. கிராமைக் கிலோவாக்க வகுக்கும் இடத்தில் ஒரு சாய்கோட்டுக்குப் பதில் இரண்டு. நாம் எழுதும் பைத்தான் மொழியில் இரண்டு போட்டால் புள்ளிக்குப் பின்னால் இருப்பது போய்விடும்.

மறுநாள் இலை போட வந்த ஒரு அம்மா சீட்டை நீட்டினார். "தராசுல நாப்பத்து மூணு அறுநூறு காட்டுச்சே தம்பி, இதுல வெறும் நாப்பத்து மூணுதானே இருக்கு?"

600 கிராம். மழையில் நனைந்து பறித்த இலை. கண் தவறியது என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரி மட்டும் வந்திருந்தால் பார்த்தவுடன் பிடித்திருப்பேன்.

கேட்பது ஒன்றுதான்: பைத்தானுக்கான ஃபார்மேட்டரான பிளாக்கைக் கட்டாயமாக்குங்கள். அதில் தேறாத எதுவும் மெர்ஜ் ஆகக் கூடாது. ஒரு வரிக்கு 88 எழுத்து என்ற அதன் வரம்பு எனக்கும் பிடிக்காது, சரி, பழகிக்கொள்கிறேன். 'கோ' நிரல் மொழிக்காரர்கள் 2009-லேயே மொழியோடு ஃபார்மேட்டரையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். நாம் இன்னும் டேப்பா ஸ்பேஸா என்று நிற்கிறோம்.

எல்லாக் கோப்பையும் ஒரே தடவையில் சீராக்கினால், எந்த வரியை யார் எழுதினார் என்ற வரலாறு கலைந்துவிடும் என்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில், 2019-இல் வந்த 2.23 பதிப்பு முதல், அப்படிப்பட்ட கமிட்டை (பதிவான மாற்றத்தை) மட்டும் பிளேமில், அதாவது யார் எழுதியது என்று காட்டும் பட்டியலில், ஒதுக்கிவைக்க வழியிருக்கிறது.

குன்னூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி தன் முதல் மாற்றத்தை அனுப்பியது நினைவிருக்கிறதா? 14 கருத்துகள். எல்லாமே இடைவெளி, மேற்கோள்குறி பற்றி. அவர் எழுதிய கணக்கு சரியா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் திரும்பி வரவே இல்லை. இயந்திரம் நொடியில் செய்வதை நாம் செய்யப்போய் ஒரு நல்ல கையை இழந்தோம். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இந்த மாதமே பிளாக்கைக் கட்டாயமாக்குங்கள். காத்திருக்கும் மாற்றங்களை முடித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லுங்கள். மொத்தக் கோப்புகளையும் ஓட்டி அந்தக் கமிட்டை நானே தருகிறேன்.